ரின் அண்ணையும் வடகிழக்கு மூலைப் பள்ளமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் சுத்தியலோடு போன ஒரே மனிதர் எங்கள் ரின் அண்ணைதான். இதை மறுத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். தச்சு வேலை செய்பவர்களை நான் கணக்கில் எடுக்கமாட்டேன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

வெறும் சுத்தியல் என்றாலும் பரவாயில்லை. தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் இரண்டு பக்கமும் வெட்டித் திறந்த பால்மாத் தகரப்பேணி, அதாவது ரின் ஒன்று, சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர், ஒரு பலகைத் துண்டு. போன வீட்டில் யாரிடமும் கதை கொடுக்காமல் நேரே வளவின் ஒரு மூலைக்குப் போவார். ரின்னை நிலத்தில் நிறுத்தி, அதன்மேல் பலகையை வைத்து, பாதி ரின் மண்ணுக்குள் போகும்வரை அடிப்பார். பிறகு போத்தல் தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஊற்றிய தண்ணீர் முழுவதும் இறங்க எத்தனை நிமிடம் என்று தெரிந்த பிறகுதான் பந்திக்கு வருவார். அதற்குள் பாயசம் முடிந்துவிடும்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு செத்தவீடு. முற்றத்தில் பெட்டி இருக்கிறது. மூத்த மகள் கொழும்பிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருக்கிறாள். கிணற்றடிப் பக்கமிருந்து 'டொங், டொங்' என்று சத்தம் கேட்டது. செத்தவரின் மனைவி தலைவிரி கோலமாக எழும்பினார்.

"ஆரடா பெட்டியை மூடுறது? என்ரை பிள்ளை இன்னும் முகம் பாக்கேல்லை!"

நாலு பேர் கிணற்றடிக்கு ஓடினார்கள். அங்கே ரின் அண்ணை குந்தியிருந்து, பேசாமல் இருங்கள் என்று கையால் சைகை காட்டினார். "ஒரு நிமிசம் பொறுங்கோ, இன்னும் ஒரு விரற்கடை கிடக்கு." அன்று அவர் அடி வாங்காமல் தப்பியது செத்தவரின் புண்ணியம். போகும்போது மூத்த மகனின் கையைப் பிடித்து அவர் சொன்ன ஆறுதல் வார்த்தையும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்தில் நின்றேன். "கவலைப்படாதையும் தம்பி. அப்பா வளவை நல்லா வைச்சிருந்தவர். ஆறு நிமிசத்தில இறங்கீட்டுது."

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வாக்காளர் இடாப்பில் அதை எழுதியிருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் ரின் அண்ணை. நானும் அவரும் ஒரே நொத்தாரிசுக் கந்தோரில் வேலை செய்தோம். காணி உறுதிப் பத்திரங்களின் வரைவை அவர் கையால் எழுதுவார். நான் ரைப்ரைட்டரில் அடிப்பேன். நொத்தாரிசு ஐயா கையெழுத்து வைப்பார். சண்டை முடிந்து பாதை திறந்த புதிது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் அகதி முகாமிலிருந்து வந்தவர்களும் ஒரே மர வாங்கில் இருந்து காணிக் கதை கதைத்த காலம். எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

எழுதப்போகும் காணியைப் பார்த்துவிட்டு வருவது ரின் அண்ணையின் வேலை. எல்லை சரியா, வேலி சரியா, கிணறு எந்தப் பக்கம் என்று பார்த்து வந்தால் போதும். அவரோ எல்லைக்கல்லைப் பார்க்கும் முன்னரே ரின்னை அடித்துவிடுவார். திரும்பி வந்து என் மேசையின் கலண்டரை மறுபக்கம் புரட்டிக் குறித்துக்கொள்வார். மாமரத்தின் கீழ், சருகு கிடக்கும் இடம்: நிமிர முன்னர் போய்விட்டது. புத்தூர் வெங்காயத் தோட்டம், வருடக்கணக்காக உழவு மெசின் ஓடிய செம்மண்: மேலே பொருபொருவென்று இருக்கிறது, ஒரு சாணுக்குக் கீழே பலகை மாதிரி, தண்ணீர் நின்றது, நான்தான் எழும்பி வந்தேன். லொறி நிறுத்தும் வளவு: வெட்கக்கேடு.

"மண்ணுக்கு வாய் இருக்குப் பிள்ளை," என்பார். "வேரும் மண்புழுவும் திறந்து விடுற வாய். நாங்கள் ஏறி மிதிச்சு மூடுறம்."

"உது எனக்கெதுக்கண்ணை? எனக்கு இண்டைக்கு மூண்டு உறுதி அடிச்சு முடிக்கோணும்."

"எங்களுக்கு ஆறு இல்லையெல்லே. மழை நிலத்துக்கை போனாத்தான் கிணறு. கீழை சுண்ணாம்புக்கல்லு முழுக்க ஓட்டை. அடியில கடல் தண்ணி, அதுக்கு மேலை மழைத் தண்ணி. மேலை உள்ளது குறைஞ்சா அடியில கிடக்கிறது எழும்பி வரும். உறுதியில கிணத்துக்குப் பங்கு எழுதுறம். கிணத்துக்கை தண்ணி எங்காலை வருதெண்டு எழுதுறமோ?"

நான் காபன் தாளை மாற்றிக்கொண்டு "ஓம் அண்ணை" என்பேன். அவருக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

ஒருநாள் காலை அவரோடு நானும் ஒரு காணி பார்க்கப் போகவேண்டி வந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆட்கள் போகமுடியாமல் கிடந்து, அப்போதுதான் இராணுவம் திருப்பிக் கொடுத்திருந்த இடம். காணிக்காரர் வயதானவர். வீடு இருந்த இடத்தில் நாலு சுவர்த் துண்டும் ஒரு ஆலங்கன்றும் நின்றன. அவர் தன்னுடைய சாமி அறை எது என்று தெரியாமல் நின்று அழுதார். நானும் அழுதேன். பற்றைக்குள்ளே 'டொங், டொங்'. கொஞ்ச நேரத்தில் ரின் அண்ணை முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"ஐயா, உங்கடை காணி என்னமாக் குடிக்குது! ஊத்தினதுதான் தெரியும்!"

எனக்கு அவரை அந்த இடத்திலேயே புதைத்துவிடலாம் போல இருந்தது. பிறகு அவர் வளவின் மற்றப் பக்கத்துக்குப் போனார். அங்கே கனரக வாகனங்கள் வருடக்கணக்காக நின்றிருக்கின்றன, புல்லும் முளைக்கவில்லை. நாங்கள் எல்லைக்கல் தேடி முடித்து, கொண்டுபோன தேத்தண்ணீரையும் குடித்து முடித்த பிறகும் ரின்னுக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை.

"மனிசர் இல்லாத பக்கம்தான் மண் சுகமாக் கிடக்கு, கண்டியோ?" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வட்டுக்கோட்டை. சீதனமாக அப்பா தரும் காணி புத்தூர்ப் பக்கம் இரண்டு பரப்பு. அதோடு நாலு வீட்டுக்குப் பொதுவான கிணற்றில் கால் பங்கு. குடாநாட்டில் பெண் கொடுப்பவர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். அப்பாவும் சொன்னார். நல்ல தண்ணீர், தேத்தண்ணீர் போட்டால் நிறமே வேறு.

அந்த வளவின் வடகிழக்கு மூலையில், கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பள்ளம் இருந்தது. மாரி மழையில் ஒழுங்கைத் தெருவின் தண்ணீர் முழுவதும் அதற்குள் வந்து விழும். மறுநாள் பார்த்தால் இருக்காது. பூவரசம் சருகும் நாய்களும் கிடக்கும் இடம் என்பதைத் தவிர அதைப்பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கவில்லை. ரின் அண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் சாமி கும்பிடுபவர் போல நின்றார்.

"பிள்ளை, ரண்டு நிமிசம். என்ரை சீவியத்தில ஒரு இடமும் இப்பிடிக் குடிச்சதில்லை. உன்ரை கிணத்துக்கு வாசலே அதுதான்."

என் சீதன உறுதியை நானே அடித்தேன். காணி பெறுபவளும் நான், ரைப்பிஸ்டும் நான். ரின் அண்ணையின் வரைவைப் பார்த்து வரிக்கு வரி அடித்தேன், சத்தியமாக வாசிக்கவில்லை. விரல் தன்பாட்டில் போகும், மனம் வேறெங்கோ கிடக்கும். அன்று அது கூறைச்சேலையின் கரையில் கிடந்தது.

கையெழுத்துக்கு முன்னர் உறுதியை எல்லோருக்கும் கேட்க வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை பகுதியில் அவருடைய பெரியப்பா வந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காதில் மயிர் முளைத்திருந்தாலும் கேள்வி நல்ல கூர்மை. நொத்தாரிசு ஐயா வழக்கமான ஒரே இழுவையில் வாசித்துக்கொண்டு போனார். "…மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் உரிமையும், வடகிழக்கு மூலைப் பள்ளத்தில் மழைநீர் இறங்கும் உரிமையும், அப்பள்ளத்தை நிரப்பாமலும் சீமெந்து இடாமலும் வைத்திருக்கும் கடமையும், இதற்கு எல்லை கிழக்கு…" என்று எல்லைவரை போன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொறுங்கோ," என்றார் பெரியப்பா. "மழைக்கும் சீதனத்தில பங்கோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ரைப்ரைட்டரைப் பார்த்தேன். ரின் அண்ணை பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார், துணிப்பையோடு.

"ஐயா, நான் விளங்கப்படுத்துறன். ஒருக்கா வளவுக்கு வந்தியளெண்டால் ரின் அடிச்சே காட்டலாம்…"

"ஆர் உவர்?"

"எங்கடை கிளாக்கர்," என்றார் நொத்தாரிசு ஐயா, அதை மறுக்க வழியில்லாத குரலில்.

"குழி விழுந்த காணியை எங்கடை பிள்ளையின்ரை தலையில கட்டிப்போட்டு, அதை மூடவும் கூடாதெண்டு உறுதியும் எழுதுறியளோ? எழும்புங்கோ, போவம்."

என் வருங்காலக் கணவரும் எழும்பினார். கதவடியில் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் இன்றுவரை அவருடைய நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்பா ஓடிப்போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்தார். நொத்தாரிசு ஐயா என் பக்கம் திரும்பி, "பிள்ளை, அந்தப் பக்கத்தை எடுத்துப்போட்டு வேறை அடி," என்றார்.

நான் தாளைச் செருகினேன். ரின் அண்ணை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சண்டை பிடிப்பார் என்று பயந்தேன்.

"அடி பிள்ளை," என்றார் மெதுவாக. "உனக்குக் கலியாணம்தான் முக்கியம்."

அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிழையில்லாமல் அடித்தேன். இந்தமுறை வாசித்து வாசித்து அடித்தேன். அடுத்த கிழமையே ஐயா அவரிடமிருந்து வரைவு எழுதும் வேலையை எடுத்துவிட்டு, பழைய உறுதிகள் அடுக்கும் பின்னறைக்கு அனுப்பினார். அங்கே நிலம் சீமெந்து. ரின் அடிக்க வழியில்லை.

வீடு கட்டிக் குடிவந்தோம். சில வருடம் கழித்துக் கனடாவிலிருந்து கணவரின் தமையன் வந்தார். எங்கள் முற்றத்துச் சேறு அவருடைய வெள்ளைச் சப்பாத்தில் பட்டது. அந்தச் சப்பாத்துத்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று சொன்னால் நான் தப்பிக்கலாம். ஆனால் எனக்கும் ஆசை இருந்தது. பள்ளத்துக்குள் பழைய வீடு இடித்த கல்லும் கிரவலும் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி, மதிலுக்கு மதில் கொங்கிறீற் கல் பதித்தோம். சிவப்பும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. பக்கத்து வீட்டு இராசம் அக்கா மதிலால் எட்டிப் பார்த்து, "கோயில் வீதி மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

அந்த மாரியில் ரின் அண்ணை வந்தார். தலை நரைத்திருந்தது. பை அதே பை. படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"எங்கை பிள்ளை மண்?"

"மண் இல்லையண்ணை. வடிவா இருக்கெல்லே?"

"வடிவாத்தான் இருக்கு."

எதையோ தொலைத்தவர் போல வீட்டைச் சுற்றி வந்தார். மூலைக்குப் போய், பள்ளம் இருந்த இடத்தைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் வாசலில் இருந்த குறோட்டன் செடிச் சாடியைக் கண்டார். பெரிய சாடி. அதன் முன்னால் குந்தியிருந்து ரின்னைச் சாடிக்குள் வைத்து அடித்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உள்ளே போய்க் கணவரைக் கூட்டிவந்து காட்டினேன். தண்ணீர் சாடி மண்ணில் இறங்கி, அடித்துவாரத்தால் வெளியே வந்து, கல்லில் ஒரு கோடாக ஓடியது. ரின் அண்ணை எழும்பி அதன் பின்னாலேயே நடந்தார். கோடு படலையைத் தாண்டி ஒழுங்கைக்குள் போனது. அவரும் ஒழுங்கைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வாசலாலை வெளியிலை போயிட்டுது, பிள்ளை," என்றார்.

தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்றார். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவில்லை. போகும்போது ரின்னை எடுக்கவில்லை. "அதிலையே கிடக்கட்டும். உன்ரை வளவில அது ஒண்டுதான் குடிக்குது. பிறகு வந்து எடுக்கிறன்."

வரவில்லை. மாசியில் ஆள் முடிந்துவிட்டது; நெஞ்சு வலி என்றார்கள். செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய வளவில் கிணற்றுக்கட்டைத் தவிர ஒரு கரண்டி சீமெந்து கிடையாது. வந்தவர்கள் செருப்பில் ஒட்டிய மண்ணை வேலியில் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சுத்தியல் கொண்டு வரவில்லை. பெட்டியை மூடும்போது மட்டும் அடித்தார்கள். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை, ஒழுங்கைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சித்திரையில் ஒரு காலை தேத்தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. தேயிலையை மாற்றினேன். பிறகு பருப்பு அவியவில்லை, கடைக்காரனைப் பேசினேன். பிறகு சவுக்காரம் நுரைக்கவில்லை. அதன் பிறகு திட்டுவதற்கு ஆள் மிஞ்சவில்லை. வாளியில் கையை விட்டு நாக்கில் வைத்தேன். சவர், உப்புக் கரித்தது. இராசம் அக்காவின் வாழைகள் இலை ஓரம் கருகி நின்றன. நாலு வீடும் கிணற்றடியில் கூடி ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தோட்டக்காரரின் மோட்டர் என்றார் ஒருவர், மழை குறைவு என்றார் இன்னொருவர். எல்லாமே காரணம்தான். எங்கள் ஊர் முழுக்க முற்றத்துக்கு முற்றம் கல் பதித்திருக்கிறது. என் பள்ளம் மட்டும்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிணற்றில் எனக்குக் கால் பங்குதான், பள்ளம் முழுவதும் என்னுடையது. நல்ல தண்ணீர் இப்போது பவுசர் லொறியில் வருகிறது. நாலு வீட்டுப் பெண்களும் குடத்தோடு ஒழுங்கையில் வரிசையில் நிற்கிறோம். மழை பெய்தால் அதே ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம்; அப்போது பவுசர் வராது.

வரிசையில் நின்ற ஒருநாள் மனம் பொறுக்காமல் சொன்னேன். "அக்கா, அந்தப் பள்ளத்தை மூடினது நான்தான்."

"ஓம், தெரியும்," என்றார் இராசம் அக்கா குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "நானும்தானே வடிவெண்டு சொன்னனான்." அவர் என்னை நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன வருடம் கணவர் கல்லைக் கிளப்ப அலவாங்கு எடுத்தார். கனடாத் தமையனுக்குச் சொல்லவில்லை. படம் கேட்டால் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறோம். வடகிழக்கு மூலையில் கல்லைக் கிளப்பி, கிரவலையும் கட்டடக் கல்லையும் அள்ளி எறிந்தோம். பள்ளம் மறுபடி பள்ளமாகத் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். குறோட்டன் சாடியிலிருந்து ரின்னைப் பிடுங்கி எடுத்தேன்; விளிம்பு துருப்பிடித்து, வேர் ஒன்று சுற்றியிருந்தது. பலகை வைத்து அடித்தேன். மண் விடவில்லை. நாலாவது அடியில் கொஞ்சம் இறங்கியது. தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்ச் சமைத்து, சாப்பிட்டு, கோப்பை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடி நின்றது, அதில் ஒரு எறும்பு நீந்திக்கொண்டிருந்தது. ரோலர் ஏறிய மண், கல்லைக் கிளப்பியவுடன் மறந்துவிடாது போலிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் குடித்த இடம் அது.

சருகு கொண்டுவந்து கொட்டினோம். சாணி கரைத்து ஊற்றினோம். பூவரசம் கதியால் தடி இரண்டு நட்டோம். ஒன்று பட்டுவிட்டது, ஒன்று நிற்கிறது. மண்புழு தேடி இராசம் அக்காவின் வாழையடியைக் கிண்டியதற்கு நல்ல பேச்சு வாங்கினேன், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. கிணறு இன்னும் சவர்தான். என் காலத்தில் திரும்புமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சொல்லத் தெரிந்தவரைத்தான் பின்னறைக்கு அனுப்பிவிட்டோமே.

முந்தநாள் மழை விட்ட பிறகு ரின்னை எடுத்துக்கொண்டு போனேன். ஒழுங்கையால் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். இப்போது என்னை 'ரின் அக்கா' என்கிறார்களாம், கேள்வி. அடித்து, ஊற்றி, குந்தியிருந்தேன். முழங்கால் வலித்தது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்க்கும்போது ரின்னின் உட்பக்கத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு விரற்கடை அகலத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் வெயிலில் வற்றியதாக இருக்காது, வெயிலே இல்லை.

சுற்றிவர ஒருவரும் இல்லை. இருந்தாலும் வாய்விட்டுச் சொன்னேன்:

"அண்ணை, கொஞ்சம் குடிக்குது."